கயானாவில் குத்தகை நிலம்: பிரதமர் அலுவலகக் கடிதத்தை நம்பலாமா?

கேள்வி: என் தம்பி தென் அமெரிக்க நாடான கயானாவின் தலைநகர் ஜார்ஜ்டவுனில் கட்டுமான வேலையில் இருக்கிறான். பெர்பீஸ் பக்கம் நெல் பயிரிட அரசு நிலம் குத்தகைக்கு வாங்கித் தருவதாக அங்கே ஒருவர் சொல்கிறார். பிரதமர் அலுவலகத்தில் அவருக்கு ஆள் இருக்கிறதாம். பிராந்திய சேர்மனின் கையெழுத்தும் வாங்கிவிடுவாராம். ஆட்சி மாறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். அவர் சொல்லும் இரண்டு பேருமே குத்தகை கொடுக்கும் இடத்தில் இல்லை.

பிரதமர் என்றால் நமக்கு டெல்லிதான் நினைவுக்கு வரும். அந்த நினைப்பில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். கயானாவின் 1980 அரசியல் சட்டப்படி நாட்டுக்கும் அரசுக்கும் தலைவர் அதிபர்தான். பிரதமரை நியமிப்பதும் அவரே. பிரதமர் அவருக்கு முதன்மை உதவியாளர், நாடாளுமன்றத்தில் அரசின் அலுவல்களை நடத்துபவர், அவ்வளவுதான். தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த மோசஸ் வீராசாமி நாகமுத்து 2015-ல் பிரதமரானார். தேர்தலுக்கு முன் கூட்டணிக் கட்சிகள் போட்ட ஒப்பந்தத்தில் பிரதமருக்குப் பெரிய அதிகாரங்கள் எழுதப்பட்டிருந்தன. பதவிக்கு வந்த பிறகு அவை காகிதத்திலேயே நின்றன. அரசியல் சட்டம் அதிபரிடம் கொடுத்ததைக் கட்சிகளின் ஒப்பந்தம் எப்படி மாற்றும்? பிரதமருக்கே இந்த நிலை என்றால், அவர் அலுவலகத்தில் இருக்கும் "ஆள்" உங்கள் தம்பிக்கு எந்த நிலத்தை எழுதித் தருவார்?

அடுத்தது பிராந்திய சேர்மன். நாட்டில் 10 பிராந்தியங்கள், ஒவ்வொன்றுக்கும் மக்கள் ஓட்டுப் போட்டு வந்த கவுன்சில் உண்டு. சேர்மனைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் பணத்தையும் கோப்புகளையும் கையில் வைத்திருப்பவர் பிராந்திய நிர்வாக அதிகாரி. அவரை அனுப்புவது ஜார்ஜ்டவுன். சேர்மன் ஒரு கட்சி, மத்திய அரசு வேறு கட்சி என்றால் கவுன்சில் தீர்மானம் போடும், வேலை நகராது. உள்ளாட்சி ஜனநாயகம் பற்றி அரசியல் சட்டத்தில் பக்கம் பக்கமாக எழுதி வைத்துவிட்டு, நகர, கிராம மன்றங்களுக்கு 1994-க்குப் பிறகு 2016 வரை தேர்தலே நடத்தாமல் இருந்த நாடு அது. இப்படி மக்களை ஏங்க விட்டதால்தான் "நான் முடித்துத் தருகிறேன்" என்று சொல்பவனுக்கு அங்கே இவ்வளவு மவுசு. இது எனக்குப் பொறுக்கவே இல்லை.

எம்.பி. சிபாரிசுக் கடிதம் என்று அவர் அடுத்து ஆரம்பிக்கலாம். அதற்கும் மயங்க வேண்டாம். அங்கே ஓட்டு கட்சிப் பட்டியலுக்குத்தான். பட்டியலில் யார் யார் 65 இடங்களில் உட்காருவது என்பதைத் தேர்தல் முடிந்த பிறகு கட்சி முடிவு செய்கிறது. கட்சி உட்கார வைத்த எம்.பி.யின் கடிதத்துக்கும் குத்தகைக்கும் சம்பந்தம் இல்லை.

சரி, நிலத்துக்கு யாரிடம் போவது? பெர்பீஸ் ஆற்றுக்கு எந்தக் கரையில் நிலம் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். கிழக்கே, ஆறாம் பிராந்தியத்தில், அரசு நிலக் குத்தகையைக் கொடுப்பது நிலங்கள் மற்றும் அளவை ஆணையம். மேற்கே ஐந்தாம் பிராந்தியத்தில் மஹைக்கா-மஹைக்கோனி-அபாரி என்ற பாசன, வடிகால் திட்டத்துக்குள் வரும் நிலம் என்றால் அந்தத் திட்டத்துக்கென உள்ள ஆணையம். அதன் அலுவலகம் ஒன்வர்வாக்டில் இருக்கிறது. தம்பி நேரில் போய், மனை எண்ணைச் சொல்லி, யார் பெயரில் இருக்கிறது, வாடகை பாக்கி உண்டா என்று கேட்கட்டும். பணம் கட்டினால் அந்தக் கவுன்டரில் மட்டும், தம்பி பெயரில் ரசீதோடு.

மிகப் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. தரகர் காட்டும் குத்தகைப் பத்திரம் உண்மையானதாகவே இருக்கும். ஆனால் அது வேறொருவர் பெயரில், சில சமயம் இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும். ஒரு வெள்ளைத்தாளில் ஒப்பந்தம் எழுதி நிலத்தைக் "கைமாற்றி" விடுவார்கள். ஆணையத்தின் சம்மதம் இல்லாத கைமாற்றத்துக்கு மதிப்பில்லை. நீங்கள் வரப்பு போட்டு, நடவு முடித்த பிறகுதான் உண்மையான வாரிசு வந்து நிற்பார். வழக்கு என்று போனால் கடைசி மேல்முறையீடு நாட்டுக்குள்ளேயே இல்லை. 2005 முதல் அது டிரினிடாடின் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் உள்ள கரீபியன் நீதிமன்றத்தில். அவ்வளவு தூரம் செலவு செய்ய உங்களால் முடியுமா?

நான் சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு. அதைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் ஆறாம் பிராந்தியத்திலேயே அது இருக்கிறது. கொரன்டைன் ஆற்றங்கரையில் ஒரியல்லா, சிபருட்டா என்ற பழங்குடிக் கிராமங்கள் உள்ளன. பழங்குடிக் கிராமத்துக்குப் பட்டா கொடுத்த நிலம் அரசு நிலம் அல்ல, கிராமத்தின் பொதுச் சொத்து. 2006 பழங்குடியினர் சட்டப்படி அதைக் கவனிப்பது தோஷாவோ என்ற தலைவரும் கிராம மன்றமும். தோஷாவோ தனியாகக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று தரகர் சொல்வார். போதாது. கிராமப் பொதுக்கூட்டத்தில் மக்கள் சம்மதிக்க வேண்டும். அந்த நிலத்தை வெளியாள் விலைக்கு வாங்கவும் முடியாது. கூட்டம் நடந்ததற்கு ஆதாரம் இல்லாமல் யாராவது ஆற்றங்கரை நிலம் என்று காட்டினால் அப்போதே விலகிவிடுங்கள். ஏமாறுவது நீங்கள் மட்டும் அல்ல, அந்தக் கிராமமும்தான்.

அப்புறம், "ஆட்சி மாறுவதற்குள்" என்ற அவசரம். 2025 செப்டம்பரில்தான் தேர்தல் நடந்து இர்ஃபான் அலி மறுபடி அதிபரானார். ஆட்சிக்காலம் 5 ஆண்டு. இப்போது என்ன அவசரம்? 2020-ல் மார்ச் 2-ல் தேர்தல் நடந்தது, ஓட்டு எண்ணிக்கைத் தகராறால் ஆகஸ்ட் 2-ல்தான் புதிய அதிபர் பதவியேற்றார். இந்த மாதிரிக் குழப்பம் வந்தாலும் ஆணையத்தின் பதிவேட்டில் தம்பி பெயர் இருந்தால் பேச ஓர் ஆதாரம் இருக்கும். தரகரின் பையில் இருக்கும் கடிதத்தை வைத்து எதுவும் பேச முடியாது.

இன்னொன்றையும் தம்பியிடம் கேளுங்கள். உள்துறை அமைச்சகம் கொடுத்த அவனுடைய வேலை அனுமதி கட்டுமான நிறுவனத்துக்கு மட்டுமானதா? அப்படியென்றால் சொந்தமாக விவசாயம் செய்ய அது செல்லுமா என்று அந்த அமைச்சகத்திலேயே எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகு நிலம் பார்க்கப் போகட்டும்.