அடிபட்ட பிறகு ஒரு பக்கம் மட்டும் விடாத தலைவலி: கேள்வி பதில்

கே: பைக்கிலிருந்து விழுந்து எட்டு மாதம் ஆச்சு டாக்டர். அன்றிலிருந்து வலது பக்கம் மட்டும் வலி, ஒரு நிமிஷம்கூட விட்டதில்லை. ஸ்கேனில் ஒன்றுமில்லை. மைக்ரேன் என்கிறார்கள்.

ப: மைக்ரேன் பெரும்பாலும் வந்து போகும், பக்கமும் மாறும். வலி ஏறும்போது கண்ணாடி முன்னால் நில்லுங்கள். வலது கண் மட்டும் சிவந்து நீர் வடிகிறதா, அந்தப் பக்க மூக்கு அடைக்கிறதா, மணல் விழுந்த மாதிரி கண் உறுத்துகிறதா? அப்படியென்றால் ஹெமிக்ரேனியா கன்டினுவாவா, அதாவது ஒரு பக்கம் மட்டும் விடாமல் வலிக்கும் தனி வகைத் தலைவலியா என்று பார்த்தே ஆக வேண்டும். 1984-ல் ஷோஸ்டாட், ஸ்பியரிங்ஸ் இருவரும் விவரித்த நோய். அடிபட்ட பிறகு வருவது அபூர்வம், ஆனால் வரும். இன்டோமெத்தசின் என்ற வலி மாத்திரை கொடுத்தால் வலி முழுசாக நிற்க வேண்டும், அதுதான் அடையாளமே. இரண்டு வருஷம் கைக்குட்டையால் ஒரு கண்ணை மட்டும் ஒற்றிக்கொண்டே இருந்த லாரி ஓட்டுநர் ஒருவர், மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாள் என் முன்னால் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

ஒன்று மட்டும்: விழுந்த புதிதில் கழுத்துவலியோடு ஒரு பக்க இமை தொங்கினால் கழுத்து ரத்தக்குழாய் கிழிந்திருக்கலாம். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கே: எனக்கு ஒரு பக்க வலி பத்து நிமிஷம்தான், ஆனால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை.

ப: பராக்ஸிஸ்மல் ஹெமிக்ரேனியாவாக இருக்கலாம், ஒரு பக்கம் மட்டும் கொஞ்ச நேரம், பல தடவை வந்து போகும் தலைவலி. அதற்கும் அதே மருந்துதான். நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

கே: இன்டோமெத்தசினும் வலி மாத்திரைதானே? டைக்ளோஃபெனாக் போதாதா?

ப: போதாது. ஒரே குடும்பம்தான், ஆனால் இந்த வலி அதற்கு இப்படி அடங்காது.

கே: விட மாட்டேன் டாக்டர். வலி மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும் என்று எழுதியதும் நீங்கள்தானே?

ப: ஆமாம், அதில் மாற்றமில்லை. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டால் அதுவே தலைவலியாகும். அதனால்தான் பெயர் தெரியாத வலிக்கு டைக்ளோவை விழுங்காதீர்கள் என்று கத்துகிறேன். இன்டோமெத்தசினை நாளுக்கு 150 மில்லிகிராம், தேவைப்பட்டால் 225 வரை ஏற்றிப் பார்ப்போம், கூடவே வயிற்றைக் காக்க ஒரு மாத்திரை. குடல்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து. நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள்.

கே: எவ்வளவு டோஸ் போடலாம்?

ப: மேலே இருக்கிறது. நீங்களாக வாங்காதீர்கள்.

கே: அப்பாவுக்கு 72, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். மூன்று வாரம் முன்பு குளியலறையில் வழுக்கினார். இப்போது இடது பக்கம் தலைவலி, தூங்கிக்கொண்டே இருக்கிறார். இதுவும் அதுவா?

ப: இல்லை, மூளை உறைக்கடியில் மெல்ல ரத்தம் கசிந்து சேர்ந்திருக்கலாம். இன்றே, இப்போதே சிடி ஸ்கேன். மாத்திரைச் சீட்டையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பியதும் ஒரு வரி எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.