உங்கள் அன்றாடப் பொழுதுபோக்கிலும் பிடித்த இடத்திலும் உங்களுக்கு நன்றியுணர்வைத் தருவது எது?

நான் நீலகிரி மலையிலுள்ள கோத்தகிரியில் வசிப்பவன். மழையை அளப்பது என் பொழுதுபோக்கு. ஊரை ஒட்டியிருக்கும் லாங்வுட் சோலை என்னும் மலைக்காடு எனக்குப் பிடித்த இடம். கேள்வி இரண்டையும் தனித்தனியாகக் கேட்டாலும் என்னால் அவற்றைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. என் வாசலில் பெய்யும் மழைக்கும் இச்சுற்றுவட்டார ஊர்களின் குடிநீருக்கும் நடுவில் அந்தச் சோலைதான் நிற்கிறது.

மழையை அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. திறந்த வெளியில், மரநிழலும் கூரைநீரும் படாத இடத்தில் புனல் பொருத்திய ஓர் அளவுக் குழாயை வைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அதிலுள்ள நீரைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். வானிலைத் துறை ஒரு நாளின் மழையைக் கணக்கிடும் நேரமும் அதுவே என்பதால் நம் குறிப்பை அவர்களுடைய குறிப்போடு ஒப்பிடலாம். எங்கள் ஊர் நீலகிரி மலையின் கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனி, ஆடியில் மேற்கே கூடலூர்ப் பக்கம் கொட்டித் தீர்க்கும்போது இங்கே பெரும்பாலும் சாரலோடு நின்றுவிடும், எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய வரவு. சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அக்கா, "தம்பி, நேத்து ராத்திரி எவ்வளவு பேஞ்சிருக்கு?" என்று வேலிக்கு அப்பாலிருந்து கேட்பார். பன்னிரண்டு மில்லிமீட்டர் என்றால், உரம் போடலாமா இன்னும் பொறுக்கலாமா என்பதை அவர் அங்கேயே முடிவு செய்துவிடுவார்.

ஒரு மில்லிமீட்டர் என்பது கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். லாங்வுட் சோலையின் பரப்பு சுமார் 116 ஹெக்டேர், ஆகவே அதே மழை சோலையின் மேல் விழும்போது ஏறக்குறைய 11 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு, குழாயின் அடியில் கொஞ்சமாக நீர் தேங்கியிருக்கும் நாளையும் மழையில்லாத நாள் என்று எழுத எனக்கு மனம் வருவதில்லை.

விழுந்த நீர் முழுவதும் நிலத்துக்குள் போய்விடுவதில்லை. இலைகளிலேயே ஒரு பகுதி ஆவியாகும், சரிவில் ஒரு பகுதி ஓடிவிடும். ஆனால் குட்டையான மரங்கள் நெருக்கமாக நிற்க, கிளைகளைப் பாசி மூடியிருக்க, காலடியில் மக்கிய சருகு மெத்தையாகக் கிடக்கும் சோலையில் மழை வேகமிழந்துதான் தரையைத் தொடுகிறது. அந்தச் சருகும் அடியிலுள்ள கருமண்ணும் நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விடுவதால்தான் மழை நின்ற பிறகும், மாசி, பங்குனியிலும் கூட, சோலைக்குக் கீழே நீர் கசிந்துகொண்டிருக்கிறது. கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) நட்ட சரிவுகளில் இத்தகைய ஈரத்தை நான் கண்டதில்லை.

பொதுவாக எல்லாவற்றுக்கும் நன்றி சொல்வது எனக்கு இயல்பாக வருவதில்லை. சமையலறைக் குழாயைத் திறக்கும்போது இந்த மண்ணும் சருகும் நினைவுக்கு வந்தால், யாருக்கு எதற்காக நன்றி என்பது தெளிவாக இருக்கிறது. பக்கத்துக் கிராமத்தினர் சிலரும் வனத்துறையும் சேர்ந்து பல ஆண்டுகளாகக் காத்திராவிட்டால், ஊருக்கு இவ்வளவு அருகிலுள்ள ஒரு காடு விறகாகவும் கட்டடமாகவும் போயிருக்கும் என்பதால் அவர்களையும் சேர்த்தே சொல்கிறேன். 2024 ஜனவரியில், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலில் இச்சோலை சேர்க்கப்பட்டது. ஏரியும் இல்லை, குளமும் இல்லை, இது எப்படி ஈரநிலம் என்று ஊரில் பலர் கேட்டார்கள். மழைக்காலத்தில் உள்ளே நடந்து, காலில் அட்டையோடு வெளியே வந்தவர்கள் கேட்டிருக்கமாட்டார்கள்.

பறவைகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் இனங்களில் பல இங்கே உண்டு. நீலகிரிச் சிரிப்பான் கூட்டமாக வந்து, யாரோ நம்மைப் பார்த்துச் சிரிப்பது போலவே கத்திவிட்டுப் போகும். கழுத்துப் பின்புறம் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டதுபோல் இருக்கும் மரப்புறாவை ஓரிடத்தில் அசையாமல் நின்றால்தான் பார்க்கலாம். கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அவற்றை வரவழைத்துப் படமெடுக்கும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. குறிப்பாக முட்டையிடும் காலத்தில் அது அவற்றின் நேரத்தையும் வலுவையும் வீணாக்கும் செயல், எனக்கு அது சிறிதும் உடன்பாடில்லை.

கேள்வி கேட்டவர் இப்பக்கம் வருவதாக இருந்தால், உள்ளே செல்ல வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். காட்டுமாடுகள் நடமாடும் இடம் என்பதால் ஊர்க்காரர் ஒருவரோடு செல்வது நல்லது. மழை அளப்பதற்கு இவ்வளவு தொலைவு வரத் தேவையில்லை, உங்கள் மொட்டை மாடியே போதும். ஆனால் வாசல் குழாயில் உங்களுக்கு வரும் நீர் எந்த மலையிலிருந்தோ ஏரியிலிருந்தோ வருகிறது என்பதை முதலில் விசாரித்துவிட்டு அளக்கத் தொடங்குங்கள்.