விரல் அவருடையது, வாசிப்பு?

கேள்வி: 'த ஃபேபுலஸ் பேக்கர் பாய்ஸ்' படத்தில் நடிகர் ஜெஃப் பிரிட்ஜஸ் உண்மையிலேயே பியானோ வாசித்தாரா? நாங்களும் ஒலிப்பதிவை ஓடவிட்டு வீடியோ எடுக்கிறோம், பொய்யாகவே தெரிகிறது.
– வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: 1989இல் வந்த அந்தப் படத்தில் விரல் அவருடையது, காதில் விழுவது படத்தின் இசையமைப்பாளர் டேவ் குரூசினின் வாசிப்பு. பாடகியாக நடித்த மிஷெல் ஃபைஃபர் பாடியது சொந்தக் குரலில். நீங்கள் கட்டையைத் தடவுகிறீர்கள் போலிருக்கிறது. கீபோர்ட் சத்தத்தை அணைத்துவிட்டு, சரியான கட்டையை அடிவரை அமுக்குங்கள். அப்போதுதான் மணிக்கட்டும் தோளும் அசையும். ஒலிப்பதிவின் தொடக்கத்தில் தாளம் எண்ண 4 தட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முதல் சுரத்துக்கே கை பிந்தும். பாடுபவர் வாயசைத்தால் போதாது, சத்தமாகப் பாடவே வேண்டும். கழுத்து நரம்பு காட்டிக்கொடுத்துவிடும்!