உடம்பு மறக்கலங்க, அதுக்கு முழுசா தெரிஞ்சதே கிடையாது

நீங்க கேட்டது இது: அம்மாவுக்கு ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்னு (மூட்டுங்களை தாக்குற வியாதி) சொல்லிட்டாங்க, டாக்டர் "உங்க உடம்பே உங்களை தாக்குது"ன்னு ஒரே வரில முடிச்சுட்டார், எது தன்னோடது எது வெளியாளுன்னு உடம்புக்கு எப்படி தெரியும், அம்பது வருஷமா தெரிஞ்சுட்டு இருந்தது திடீர்னு எப்படி மறந்துபோச்சு?

நான் டாக்டர் கிடையாது, லேப்ல இம்யூனாலஜி (நோய் எதிர்ப்பு) பக்கம் பதினாலு வருஷமா உக்காந்திருக்கேன், அதனால மாத்திரை மருந்து பத்தி என்கிட்ட கேக்காதீங்க. ஆனா அந்த "மறந்துபோச்சு"ங்கிற வார்த்தையோட எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு.

வேலைக்கு சேர்ந்த புதுசுல ஏஎன்ஏ டெஸ்ட் கத்துக்குடுத்தாங்க. மனுஷ செல்லுங்களை ஒட்டவெச்ச ஸ்லைடு ஒண்ணு இருக்கும், பேஷன்ட்டோட சீரத்தை (ரத்தம் உறைஞ்சப்புறம் மிஞ்சற தெளிவான தண்ணி) டைல்யூட் பண்ணி அது மேல விடுவோம், நம்ம செல்லோட நியூக்ளியஸையே பிடிக்கிற ஆன்டிபாடி (எதிர்ப்பு சக்தி செஞ்சு அனுப்புற, குறிவெச்சதுல ஒட்டிக்கிற புரோட்டீன்) அதுல இருந்தா போய் ஒட்டிக்கும், கழுவிட்டு ஒளிர்ற சாயம் கட்டின இன்னொரு ஆன்டிபாடியை விட்டு திரும்ப கழுவி இருட்டு ரூம்ல மைக்ராஸ்கோப்ல பாத்தா பச்சையா ஜொலிக்கும். நார்மல்னா எப்படி இருக்கும்னு தெரிய உங்க ரத்தத்தையே போட்டு பாருங்கன்னாங்க சீனியர் மேடம். கூட சேர்ந்த ரெண்டு பேரோடதும் கும்மிருட்டு. என்னோடது 1:40ல, அதாவது நாப்பது மடங்கு டைல்யூட் பண்ணியும், நல்லாவே பச்சை, 1:80லயும் மங்கலா தெரியுது. அவ்ளோதான், லூபஸ் (உடம்பே தன்னை தாக்கிக்கிற இன்னொரு வியாதி) வந்துடுச்சுன்னு முடிவு பண்ணி அன்னைக்கு ராத்திரி பூரா தூங்கல. மறுநாள் மேடம் சிரிச்சுட்டே ஒரு கணக்கு சொன்னாங்க. 1997ல பல லேப் சேர்ந்து ஆரோக்கியமா இருக்குறவங்க ரத்தத்தை பாத்திருக்காங்க, 1:40ல நூத்துக்கு முப்பத்தி ரெண்டு பேருக்கு பாசிட்டிவ், 1:80ல பதிமூணு பேர், 1:160ல கூட அஞ்சு பேர். பதினாலு வருஷம் ஆச்சு, எனக்கு இன்னும் ஒண்ணும் வரல.

அதாவது, தன்னையே பிடிக்கிற சரக்கு எல்லார் உடம்புலயும் கொஞ்சம் ஓடிட்டேதான் இருக்கு. உங்க உடம்புலயும். அது ஏன்னு புரிஞ்சா உங்க கேள்வில பாதி கரைஞ்சுடும்.

நம்மகிட்ட இருக்குற ஜீன் மொத்தமே சுமார் 20,000. உலகத்துல இருக்குற கிருமிக்கோ கணக்கே இல்ல, இன்னும் பொறக்காத கிருமியும் நாளைக்கு வரும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஜீன் வெச்சுக்க முடியாது. அதனால டி செல்லும் பி செல்லும் (ரெண்டும் எதிர்ப்பு வேலை பாக்குற வெள்ளை அணு, ஆன்டிபாடி செய்யறது பி செல்) என்ன பண்ணுதுன்னா, ரிசப்டர், அதாவது எதிர்ல இருக்குறதை தொட்டு அடையாளம் பாக்குற கொக்கி, செய்யற ஜீனை துண்டு துண்டா வெட்டி, குருட்டாம்போக்குல ஒட்டி, ஒட்டற இடத்துல கொஞ்சம் எழுத்தை கூட்டி குறைச்சு, ஆளுக்கொரு ரிசப்டர் செஞ்சுக்குது (இதை ஆன்டிபாடி ஜீன்ல கண்டுபிடிச்ச சுசுமு டோனெகாவாவுக்கு 1987ல நோபல்). கண்ணைக் கட்டிக்கிட்டு கோடிக்கணக்குல சாவி வெட்டுற மாதிரி. எந்த பூட்டுன்னு தெரியாமலே வெட்டுறோம், அப்போ அதுல சிலது நம்ம வீட்டு பூட்டுக்கும் பொருந்தத்தானே செய்யும்? இது கோளாறு இல்ல, இந்த முறையோட விலையே இதான். "இதெல்லாம் நான்"னு ஒரு லிஸ்ட் எந்த செல் கையிலயும் கிடையாது. மொதல்ல கண்டபடி செய், அப்புறம் பொறுக்கு, மிச்சத்தை அடக்கி வை, இவ்வளவுதான் ஏற்பாடு.

பொறுக்குற இடம் தைமஸ். நெஞ்செலும்புக்கு பின்னாடி, இதயத்துக்கு மேல இருக்குற சின்ன உறுப்பு, வாலிப வயசுக்கு அப்புறம் சுருங்கி கொழுப்பா போயிடும், அதனாலயே 1961ல ஜாக் மில்லர் சுண்டெலில காட்டற வரைக்கும் இதுக்கு பெருசா வேலை எதுவும் இல்லன்னுதான் நினைச்சுட்டு இருந்தாங்க. டி செல் முழு புரோட்டீனை பாக்காது, மத்த செல்லுங்க தன் உள்ள இருக்குற புரோட்டீனை சின்ன சின்ன துணுக்கா நறுக்கி எச்எல்ஏங்கிற தாங்கில வெச்சு வெளிய காட்டும், அந்த துணுக்கையும் தாங்கியையும் சேத்துத்தான் டி செல் தொட்டுப் பாக்கும். தைமஸ்ல மொத பரீட்சை, நம்ம எச்எல்ஏவை கொஞ்சமாவது தொடத் தெரியுதான்னு. தெரியலையா, சாவு. ரெண்டாவது, நம்ம சொந்த துணுக்கோட ரொம்ப இறுக்கமா ஒட்டுதான்னு. ஒட்டுதா, பெரும்பாலும் சாவுதான். உள்ள போனதுல நூத்துக்கு தொண்ணூத்தஞ்சுக்கு மேல உயிரோட வெளிய வர்றதில்ல.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் மொத பரீட்சைதான். அதைப் பாஸ் பண்ணி வெளிய வர்ற அத்தனை டி செல்லும் நம்மளை லேசா தொட்டுப் பாத்து பாஸ் ஆனதுதான். நம்மளை துளிகூட தொடத் தெரியாத செல்லுக்கு இங்க வேலையே கிடையாது. அதனால "தன்னை தாக்காத செல்", "தாக்குற செல்"னு நடுவுல கோடு எதுவும் இல்ல, எவ்ளோ இறுக்கம்ங்கிறதுதான் விஷயம். கோட்டை ரொம்ப கறாரா போட்டா கிருமியை பிடிக்க ஆள் இல்லாம போயிடும், தளர்த்தினா நம்ம மேலயே பாயும், எங்கயோ நடுவுல வெச்சிருக்கு. நடுவுல வெச்சா ஒழுகத்தான் செய்யும்.

சரி, இன்சுலின் கணையத்துல சுரக்குறது, தைராய்டு புரோட்டீன் கழுத்துல இருக்கு, தைமஸுக்குள்ள உக்காந்துட்டு இருக்குற செல்லுக்கு அதையெல்லாம் யார் காட்டுவா? அதுக்குன்னே ஏஐஆர்இன்னு ஒரு ஜீன் இருக்கு. அது வேலை செய்யற தைமஸ் செல்லுங்க, உடம்புல வேற எங்கயோ மட்டும் செய்யற ஆயிரக்கணக்கான புரோட்டீனை கொஞ்சம் கொஞ்சம் தானே செஞ்சு காட்டும், ஒரு சாம்பிள் கடை மாதிரி. அந்த ஜீன் ரெண்டு காப்பியும் கெட்டுப்போய் பொறக்குற குழந்தைகளுக்கு பாராதைராய்டு, அட்ரினல்னு ஒவ்வொரு சுரப்பியா சொந்த டி செல்லாலயே அழியும். முழுசா கெடவே வேணாம், அளவு குறைஞ்சாலே வித்தியாசம் தெரியுது: தைமஸ்ல இன்சுலின் கூடுதலா செய்ய வைக்கிற ஜீன் வகை இருக்குறவங்களுக்கு டைப் 1 சர்க்கரை நோய் வர்ற வாய்ப்பு குறைவு. சாம்பிள் பெருசா இருந்தா தப்பான சாவி மாட்டிக்குது, அவ்ளோதான்.

பி செல்லுக்கு எலும்பு மஜ்ஜைல இதே மாதிரி சோதனை. அங்க தப்பான ரிசப்டர் செஞ்சுட்டா திருத்தி எழுத இன்னொரு சான்ஸ் கூட உண்டு.

இதையெல்லாம் தாண்டி வெளிய வந்துட்ட தப்பான செல்லை யார் பாத்துக்கறது? ஒண்ணு, டி செல் தன் துணுக்கை பாத்தா மட்டும் கிளம்பிடாது, துணுக்கை காட்டற செல் "இங்க ஏதோ ஆபத்து"ன்னு ரெண்டாவதா ஒரு சிக்னல் குடுக்கணும், கிருமியோ காயமோ இல்லாத நேரத்துல அந்த சிக்னல் வராது, சிக்னல் இல்லாம துணுக்கை மட்டும் பாத்த செல் மரத்துப்போய் ஓரமா கிடக்கும். இன்னொண்ணு, அடக்கறதுக்குன்னே தனியா ஒரு டி செல் வகை, ரெகுலேட்டரி டி செல். ஷிமோன் சகாகுச்சி 1995ல இதை அடையாளம் காட்டினார். 2001ல மேரி பிரன்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெல்லும், உடம்பெல்லாம் செதில் செதிலா ஆகி சில வாரத்துலயே செத்துப்போற ஒரு எலி ரகத்துல என்ன ஜீன் கெட்டிருக்குன்னு தேடி ஃபாக்ஸ்பி3ங்கிற ஜீனை பிடிச்சாங்க, அந்த ஜீன் இல்லாட்டி இந்த அடக்குற செல்லே உருவாகாதுன்னு அப்புறம் தெரிஞ்சுது. இவங்க மூணு பேருக்கும் சேத்துத்தான் 2025 மருத்துவ நோபல். மனுஷங்கள்ல இந்த ஜீன் கெட்ட ஆண் குழந்தைகளுக்கு பொறந்த சில மாசத்துலயே சர்க்கரை, நிக்காத பேதி, தோல் புண்ணு எல்லாம் ஒண்ணா வரும்.

இதை ஒரு நிமிஷம் யோசிங்க. அந்த குழந்தையோட தைமஸ் ஒழுங்காத்தான் பொறுக்குது, ஆனா அடக்குறவங்க இல்லன்னதும் தாக்க ஆள் ரெடியா இருக்கு. அப்போ அந்த ஆளுங்க நம்ம எல்லாருக்குள்ளயும் இருக்காங்கன்னுதானே அர்த்தம். கேன்சருக்கு டி செல்லோட பிரேக்கை எடுத்துவிடுற மருந்து 2011லேர்ந்து குடுக்கறாங்க, அதோட பக்கவிளைவு என்ன தெரியுமா, தைராய்டு அழற்சி, குடல் அழற்சி, எப்பவாவது டைப் 1 சர்க்கரை. அதுவரைக்கும் அந்த வியாதியே இல்லாத பெரியவங்களுக்கு. பிரேக்கை எடுத்தோம், தூங்கிட்டு இருந்தது எழுந்துச்சு. எதுவும் எதையும் மறக்கல.

அதனால "ஏன் வருது"ங்கறதை "அடக்கி வெச்சிருந்தது ஏன் கை நழுவுது"ன்னு கேட்டாதான் பதில் கிடைக்கும். ஒரே காரணம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. பரம்பரை உண்டு, முக்கியமா எந்த எச்எல்ஏ தாங்கி வாங்கிட்டு பொறந்தீங்கங்கிறது, ஏன்னா எந்த துணுக்கு எடுப்பா காட்டப்படும்னு அதுதான் தீர்மானிக்குது. ஆனா ஒரே கருல வந்த இரட்டையர்ல ஒருத்தருக்கு ருமட்டாய்டு இருந்தா மத்தவருக்கும் இருக்குறது நூத்துக்கு பதினஞ்சு பேர் கிட்டதான். ஜீன் அத்தனையும் ஒண்ணா இருந்தும். பொண்ணுங்களுக்கு அதிகம், லூபஸ்ல பத்துக்கு ஒம்பது பேர் பொண்ணுங்க, ஹார்மோன் ஒரு பக்கம், எக்ஸ் குரோமோசோம்ல இருக்குற சில எதிர்ப்பு ஜீனுங்க ரெண்டாவது காப்பிலயும் முழுசா அணையாம இருக்குறது ஒரு பக்கம்.

கிருமி தூண்டிவிடுறதும் உண்டு. தொண்டைல வர்ற ஒரு வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸோட புரோட்டீன் இதயத்து புரோட்டீன் மாதிரியே இருக்கும், அதை அடிக்க செஞ்ச ஆயுதம் இதய வால்வுல போய் விழுந்தா ருமாட்டிக் காய்ச்சல். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்க்கு (மூளை, தண்டுவட நரம்போட உறையை தாக்குற வியாதி) எப்ஸ்டீன் பார் வைரஸ்: ஒரு கோடிக்கு மேல அமெரிக்க ராணுவத்துக்காரங்க பதிவை வெச்சு 2022ல வந்த ஆய்வுல, அந்த வைரஸ் தொத்தினதுக்கப்புறம் வியாதி வர்ற வாய்ப்பு 32 மடங்கு. ஆனா பெரியவங்கள்ல பத்துக்கு ஒம்பது பேர்கிட்ட அந்த வைரஸ் இருக்கு, வியாதி வர்றது ரொம்ப கொஞ்சம் பேருக்கு. கதவு இருக்கணும், சாவியும் இருக்கணும், காவக்காரன் வேற அசந்திருக்கணும்.

இப்போ உங்க அம்மா விஷயம். ருமட்டாய்டுல பல பேருக்கு நடக்குறது வேற மாதிரி: தன்னோடதே லேசா மாறிப்போகுது. புரோட்டீன்ல இருக்குற ஆர்ஜினைன்ங்கிற அமினோ ஆசிட்டை ஒரு என்சைம் சிட்ருலின்னா மாத்திடும், அழற்சி இருக்குற இடத்துல இது சகஜம், புகை பிடிக்கிறவங்க நுரையீரல்ல நிறைய நடக்கும். தைமஸ்ல காட்டின சாம்பிள்ல பெரும்பாலும் மாறாத புரோட்டீன்தானே இருந்துச்சு, இந்த மாறின துணுக்கு புதுசா தெரியுது, அதை நல்லா தாங்கிப் பிடிக்கிற எச்எல்ஏ வேற அவங்களுக்கு இருந்துட்டா ஆன்டிபாடி கிளம்பிடும். அதைத்தான் ஆன்டி சிசிபின்னு நாங்க டெஸ்ட் பண்றோம்.

"திடீர்னு"ங்கறதும் சரியில்லங்க. அமெரிக்க ராணுவத்துல வருஷக்கணக்கா சேமிச்சு வெச்ச சீரத்தை, பின்னாடி லூபஸ் வந்த 130 பேரோடதை மட்டும் எடுத்து 2003ல பாத்தாங்க, 88 சதவீதம் பேருக்கு வியாதி தெரியறதுக்கு முன்னாடியே ஆன்டிபாடி இருந்திருக்கு, சிலருக்கு ஒம்பது வருஷம் முன்னாடியே. ருமட்டாய்டுலயும் மூட்டு வலிக்கு பல வருஷம் முன்னாடியே ரத்தத்துல தெரியறது உண்டு. அம்மாவுக்கு வலிதான் திடீர்னு வந்திருக்கும்.

வந்துட்டா ஏன் அடங்க மாட்டேங்குதுன்னும் நிறைய பேர் கேப்பாங்க. சளி காய்ச்சல்ல வைரஸ் காலியானதும் எதிர்ப்பும் அடங்கிடும், துணுக்கு தீர்ந்துபோச்சுல்ல. இங்க துணுக்கு நம்ம மூட்டுலயே இருக்கு, தீரவே தீராது. அடிபட்ட இடத்துலேர்ந்து புதுப்புது புரோட்டீன் சிதறி வெளிய வரும், அதுக்கும் புதுசா ஆன்டிபாடி வரும், அப்படியே பரவும். இதுல போய் "இம்யூனிட்டி பூஸ்டர்" வாங்கி குடுக்கறாங்க பாருங்க, அதைப் பாத்தாலே எனக்கு பத்திக்கிட்டு வரும். எதை பூஸ்ட் பண்றீங்க?

கடைசியா ஒண்ணு. ஜெர்மனில எர்லாங்கன்ல லூபஸ் முத்திப்போன அஞ்சு பேருக்கு, அவங்க டி செல்லையே மாத்தி அமைச்சு உள்ள அனுப்பி பி செல் மொத்தத்தையும் துடைச்சு எடுத்தாங்க, 2022ல ரிசல்ட் வந்துச்சு. சில மாசத்துல புதுசா பி செல் முளைச்சு வந்துச்சு, ஆனா அதோட சேர்ந்து வியாதி திரும்ப வரல, பழைய மருந்தெல்லாம் நிறுத்தியும். அஞ்சே பேர்தான், ருமட்டாய்டுக்கும் இப்படித்தான்னு இதை வெச்சு சொல்லிட முடியாது. ஆனா நீங்க "மறந்துபோச்சு"ன்னு கேட்டீங்க பாருங்க, அங்க உடம்பை மறக்க வெச்சதுதான் வைத்தியமே.

அம்மா ரிப்போர்ட்டை எடுத்து ஆர்எஃப் (ருமட்டாய்டு ஃபேக்டர்ங்கிற ரத்த டெஸ்ட்) மட்டும் போட்டிருக்காங்களா, ஆன்டி சிசிபியும் இருக்கான்னு பாருங்க. ஆர்எஃப் வேற பல காரணத்துக்கும் பாசிட்டிவ் வரும், வயசானாலே சிலருக்கு வரும், ஆன்டி சிசிபி அந்த அளவுக்கு அப்படி வராது. அது போடலைன்னா அடுத்த தடவை போறப்போ டாக்டர்கிட்ட கேளுங்க, வீட்டுக்குள்ள யாராவது புகை பிடிச்சா அதையும் அவர்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க.