வெயில், தீவனம், உடல்: விலங்கு உடலியங்கியல் கேள்வி பதில்

கால்நடை மருத்துவ மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் உடலியங்கியல் பாடம் நடத்தியவன் என்ற முறையில், உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கோடை தொடங்கிவிட்டதால் வெயிலைப் பற்றிய கேள்விகளே மிகுதி, அவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

நாமக்கல், முட்டைக்கோழிப் பண்ணையாளர்: ஐயா, சித்திரை வெயிலில் கோழிகள் தீவனத்தைக் குறைத்துக்கொள்கின்றன. முட்டை ஓடும் மெலிந்து, அட்டையில் அடுக்கும்போதே விரிசல் விடுகிறது. கிளிஞ்சலைக் கூட்டிப் போட்டும் பலனில்லை. காரணம் என்ன?

நண்பகலில் கொட்டகைக்குள் சென்று ஒரே ஒரு கோழியை ஐந்து நிமிடம் உற்றுப் பாருங்கள். அலகு திறந்திருக்கும், இறக்கைகள் உடலை ஒட்டாமல் விலகி நிற்கும், தொண்டைச் சதை இடைவிடாமல் துடிக்கும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டிய தன் உடலை அது மூச்சிரைத்து, வாய் ஈரத்தை ஆவியாக்கித்தான் குளிர்விக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு இரைப்பிலும் ஈரத்துடன் கரியமில வாயுவும் அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. முட்டை ஓட்டின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அதில் கார்பனேட் பங்கு, இரத்தத்திலுள்ள அந்தக் கரியமில வாயுவிலிருந்துதான் உருவாகிறது. வாயு குறைந்தால் ஓட்டுக்கான மூலப்பொருள் குறைகிறது. இரத்தத்தின் காரத்தன்மை கூடுவதால், இருக்கும் கால்சியமும் எளிதில் பயன்படாத நிலைக்குப் போகிறது. கிளிஞ்சலை மட்டும் கூட்டிப் பலன் கிடைக்காததற்கு இதுவே காரணம்.

தீவனம் குறைவதும் இதன் தொடர்ச்சிதான். செரிமானமே உடலுக்குள் வெப்பத்தை உண்டாக்கும் வேலை என்பதால், சூட்டைத் தாங்க முடியாத கோழி முதலில் உண்பதைக் குறைக்கிறது. ஆகவே அதிகாலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் தீவனம் கொடுங்கள். நண்பகலில் தீவனத்தை நிறுத்தி, குளிர்ந்த நீர் தடையின்றிக் கிடைக்கச் செய்யுங்கள். ஓடு படிய ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகிறது, அதில் பெரும்பகுதி இரவில் நிகழ்கிறது என்பதால், பருமனான கிளிஞ்சலை மாலையில் கொடுப்பது நல்லது. அது இரைப்பையில் மெல்லக் கரைந்து இரவெல்லாம் உதவும். சமையல் சோடா சேர்ப்பதும் பயன் தரக்கூடும்; அளவை உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

கோவை, பால் பண்ணை நடத்துபவர்: ஒரே தொழுவத்தில் கலப்பின மாடு நாக்கைத் தொங்கவிட்டு நிற்கிறது, காங்கேயம் மாடு நிதானமாக அசைபோடுகிறது, எருமையோ குட்டையை விட்டு எழ மறுக்கிறது. ஏன் இந்த வேறுபாடு?

உங்கள் கலப்பின மாட்டில் ஓடும் ஹோல்ஸ்டீன் என்னும் அயல்நாட்டுக் கறவை இனத்தின் இரத்தம், நெதர்லாந்து, வட ஜெர்மனி போன்ற குளிர்ந்த புல்வெளிகளில் உருவானது. அதிகப் பால் சுரக்க அதிகம் தின்ன வேண்டும். தின்றது மாட்டு வயிற்றின் பெரிய முதல் அறையான பெருவயிற்றில் நுண்ணுயிர்களால் நொதிக்கும்போது கிளம்பும் சூட்டை உடல் வெளியேற்றியாக வேண்டும். குளிர்நாட்டில் அந்தச் சூடு கதகதப்பு. நம் ஊரில் பாரம். வெப்பம் 25 டிகிரியைத் தாண்டும்போதே அதற்குச் சிரமம் தொடங்கிவிடுகிறது. காங்கேயம் மாட்டுக்கு வழவழப்பான குட்டை முடி, நன்கு வியர்க்கும் தோல், குறைந்த வளர்சிதை மாற்றம், அதாவது உடல் உணவை எரிக்கும் வேகம் குறைவு. கறவை குறைவு என்று எதைக் குறை சொல்கிறோமோ, அதுவே வெயிலில் அதற்குக் காப்பு. எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் மாட்டைவிட மிகக் குறைவு. தோல் கறுப்பு, முடி அரிது. சதுப்பு நிலத்தில் வாழ்ந்து பழகிய அந்த உடலுக்கு, மேலே அப்பிய சேறுதான் வியர்வையின் வேலையைச் செய்கிறது. சேறு காயக் காய ஈரம் ஆவியாகித் தோல் குளிர்கிறது. குட்டையிலிருந்து அதை அடித்து விரட்டாதீர்கள். வைக்கோலும் சோளத்தட்டும் செரிக்கும்போது சூடு அதிகம் என்பதால் அவற்றை இரவுக்குத் தள்ளுங்கள்.

மதுரை, பள்ளி மாணவி: ஒட்டகத்தின் திமிலில் தண்ணீர் இருக்கிறதா?

இல்லை அம்மா, அதில் இருப்பது கொழுப்பு. ஒரு கிலோ கொழுப்பு எரிந்தால் ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமாகவே நீர் உண்டாகும் என்பது உண்மைதான். ஆனால் அதை எரிக்கத் தேவையான ஆக்சிஜனுக்காக மூச்சு விடும்போது, வறண்ட காற்றில் அந்த ஈரம் போய்விடுகிறது. கொழுப்பு ஓரிடத்தில் குவிந்திருப்பதால் மற்ற உடம்பு போர்வையில்லாமல் இருக்கிறது, சூடு எளிதில் வெளியேறுகிறது. திமிலின் உண்மையான நன்மைகளில் அதுவும் ஒன்று.

என்னை இன்றும் வியக்க வைப்பது வேறொன்று. 1950களில் க்நுட் ஷ்மிட்-நீல்சன் என்ற உடலியங்கியலாளர் அல்ஜீரியாவில், சகாரா பாலைவனத்தின் பெனி அப்பெஸ் என்னும் சோலையில் தங்கி ஒட்டகங்களை ஆராய்ந்தார். தண்ணீர் கிடைக்காத ஒட்டகத்தின் உடல் வெப்பம் விடியலில் 34 டிகிரியாகவும் பிற்பகலில் 40 டிகிரிக்கு மேலும் இருந்தது. நமக்கு அது கடும் காய்ச்சல்; ஒட்டகத்துக்கோ சிக்கனம். பகல் சூட்டை வியர்த்துப் போக்காமல் உடலிலேயே சேர்த்துவைத்து, இரவின் குளிர்ந்த வானத்துக்கு விட்டுவிடுகிறது. 500 கிலோ எடையுள்ள ஒட்டகம் 6 டிகிரி சூடேறுவதை அனுமதித்தால், ஒரு நாளில் ஏறத்தாழ 5 லிட்டர் வியர்வை மிச்சம். வேண்டிய மட்டும் நீர் குடித்த ஒட்டகத்தில் இந்த ஏற்ற இறக்கம் 2 டிகிரி அளவே இருக்கும். நீர் இல்லாதபோதுதான் உடல் இந்தச் சிக்கனத்தில் இறங்குகிறது. உடல் எடையில் கால் பங்கை நீராக இழந்த பின்னும் அது உயிர் தாங்கும்; பத்து நிமிடத்தில் 100 லிட்டர் குடித்தாலும் அதன் நீள்வட்ட இரத்த அணுக்கள் வீங்குமே தவிர வெடிப்பதில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவுக்குச் சுமை தூக்கக் கொண்டுபோன ஒட்டகங்கள், இன்று அந்நாட்டின் வறண்ட உள்பகுதியில் காட்டு விலங்காகப் பெருகி நிற்பதற்கு இந்த உடலமைப்பும் ஒரு காரணம்.

திருச்சி, வாசகர்: குளிர் நாட்டு விலங்குகள் பெருத்திருக்கும் என்பது விதியா?

கார்ல் பெர்க்மன் 1847இல் சொன்ன பொதுப்போக்கு அது. உடல் பெருக்கும்போது கன அளவு கூடும் வேகத்துக்குத் தோல் பரப்பு கூடுவதில்லை, எனவே சூடு தங்குகிறது. நம் நாட்டு ஓநாய் சிறியது, வடதுருவப் பகுதி ஓநாய் பெரியது. ஆனால் உணவு வளமும் உடல் அளவைத் தீர்மானிப்பதால், இதற்கு விலக்குகள் ஏராளம்.

வால்பாறை, தேயிலைத் தோட்ட ஊழியர்: கருமந்தி காட்டிலேயே இருக்க, சிங்கவால் குரங்கு மட்டும் ஏன் எங்கள் குடியிருப்புக்குள் வருகிறது? பழம் கொடுக்கலாமா?

கருமந்தியின் வயிறு பல அறைகள் கொண்டது. மாட்டைப் போலவே அதிலும் நுண்ணுயிர்கள் இலையை நொதிக்க வைக்கின்றன. இலை எந்த மாதத்திலும் கிடைக்கும் என்பதால், உயரமான சோலைக்காடு வரை அதனால் வாழ முடிகிறது. சிங்கவால் குரங்குக்கு நம்மைப் போல ஓரறை வயிறு. பழம், விதை, பூச்சி ஆகியவைதான் அதன் உணவு. கிடைத்ததைக் கன்னப்பையில் அவசரமாக அடக்கிக்கொண்டு போய்ப் பிறகு தின்னும். ஆண்டு முழுவதும் ஏதாவதொரு மரம் பழுத்திருக்கும் பசுமைமாறாக் காடுதான் அதற்கு ஏற்ற இடம். அந்தக் காடு தோட்டங்களுக்கு நடுவே துண்டுதுண்டாகிவிட்ட உங்கள் பகுதியில், பழமில்லாத மாதங்களில் அது தரையிறங்கிச் சாலையைக் கடந்து உங்கள் சமையலறைக்கு வருகிறது.

இரண்டுக்கும் எதையும் கொடுக்காதீர்கள். கருமந்திக்கு இனிப்பு மிகுந்த வாழைப்பழமும் ரொட்டியும் சென்றால், பெருவயிற்றில் அமிலம் ஏறும் மாட்டைப் போலவே அதுவும் நோயுறும். சிங்கவால் குரங்கு அவற்றைச் செரித்துவிடும்; ஆனால் கையேந்திப் பழகி வண்டிச் சக்கரத்தில் அடிபடும். மிச்சச் சோற்றை மூடியுள்ள தொட்டியில் போடுங்கள். தோட்டத்து ஓரத்தில் அத்தியும் பலாவும் நிற்குமானால் அவற்றை வெட்டாமல் விடுங்கள்.