மழையை ஆராய்ந்து என்ன கிடைத்தது?

கேள்வி: முதுகலை முடித்த என் மகள், வெப்பமண்டல மழையின் மாறுபாடு பற்றி ஆராய்ச்சிப் படிப்பில் சேரப்போவதாகச் சொல்கிறாள். வாழ்நாள் முழுக்க இதையே ஆராய்ந்தவர்கள் இருந்தும், ஆடிப்பட்டத்தில் வானிலை அறிவிப்பை நம்பி மானாவாரியில் நான் விதைத்த நிலக்கடலை முளையிலேயே காய்ந்துபோனது. இவர்கள் ஆராய்ந்து நமக்கு என்ன கிடைத்தது? அவளை வேறு வேலைக்கு அனுப்பலாம் என்று நினைக்கிறேன். சரிதானே?
(வாசகர் ஒருவர், தாராபுரம்)

பதில்: சரியில்லை. உங்கள் இழப்பு சிறியதல்ல. விதைக்கடலையை விலைக்கு வாங்கி, உழவுக்கும் ஆள் கூலிக்கும் கொடுத்துவிட்டு, முளைவிட்ட காடு காய்வதைப் பார்க்கிறவருக்குக் கோபம் வருவது இயல்பு. ஆனால் அந்தக் கோபத்தை மகளின் படிப்பின் மீது திருப்புவது நியாயமாகாது. இரண்டு வெவ்வேறு வேலைகளை ஒன்றாகக் கருதி நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

நாளை உங்கள் காட்டில் மழை பெய்யுமா என்று சொல்வது ஒரு வேலை. நம்மைப் போன்ற வெப்பமண்டலப் பகுதியில் அது மிகக் கடினமானது. இங்கே மழை தரும் இடிமேகம் சில கிலோமீட்டர் அகலமே உடையது, சில மணி நேரத்துக்குள் எழுந்து, பெய்து, கலைந்துவிடுவது. மாவட்டத்துக்கென்று சொல்லப்படும் அறிவிப்பு உங்கள் வரப்புக்குள் வந்து மழையைக் காட்டாது. மழையின் மாறுபாட்டை ஆராய்வது வேறு வேலை. ஓர் ஆண்டு பெய்யும் மழை மறு ஆண்டு ஏன் பொய்க்கிறது, பருவத்தின் நடுவிலேயே இரண்டு மூன்று வாரம் ஏன் ஓய்கிறது, எந்த வாரத்தில் விதைத்தால் பயிர் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை காயும் என்பவை அந்த ஆராய்ச்சியின் கேள்விகள்.

இந்தக் கேள்விகள் பஞ்சத்தில் பிறந்தவை. 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் சேலமும் கோவையும் பட்ட பாட்டை நம் முன்னோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதற்குப் பிறகுதான், பருவமழை பொய்க்கப்போவதை முன்கூட்டியே அறிய முடியுமா என்று அரசு தன் வானிலைத் துறையைக் கேட்கத் தொடங்கியது. 1904-இல் அத்துறையின் தலைமைக்கு வந்த கில்பர்ட் வாக்கர், வானிலையியலில் முன் அனுபவம் இல்லாத கேம்பிரிட்ஜ் கணித அறிஞர். உலகின் பல பகுதிகளிலிருந்து காற்றழுத்தம், வெப்பநிலை, மழை ஆகியவற்றின் அளவுகளைத் திரட்டி, கணக்கர்களை அமர்த்திக் கையாலேயே ஒன்றோடொன்று ஒப்பிட வைத்தார். பசிபிக் பெருங்கடல் பக்கம் காற்றழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, அங்கே இறங்கும்போது இங்கே ஏறுகிறது என்ற பெரும் ஊசலாட்டம் அந்தக் கணக்குகளில் தென்பட்டது. 1924-இல் அவர் ஓய்வு பெற்றபோது பருவமழையை நம்பகமாக முன்னறிவிக்கும் வழி கிடைத்திருக்கவில்லை. உங்கள் கேள்வியை அன்று அவரிடம் கேட்டிருந்தால், காட்டுவதற்கு அவரிடம் அதிகம் இருந்திருக்காது. பிறகு 1969-இல் யாக்கோப் பியர்க்னஸ், அந்த ஊசலாட்டமும் பசிபிக் கடல்நீர் சூடாகும் எல் நினோவும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள் என்று விளக்கினார். இன்று உலகெங்கும் தரப்படும் பருவகால முன்னறிவிப்புகள் பெரிதும் அந்த அறிவின் மீதே நிற்கின்றன.

நமக்கு இன்னும் அருகிலுள்ளவர், 2025-இல் மறைந்த சுலோசனா காட்கில். ஹார்வர்டில் ஆய்வுப் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பி, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பல பத்தாண்டுகள் பருவமழையையே ஆராய்ந்தவர். 1980-இல் வானிலையியலாளர் டி.ஆர். சிக்காவுடன் சேர்ந்து செயற்கைக்கோள் படங்களை நாள்வாரியாகப் பார்த்து, இந்தியப் பெருங்கடலின் நிலநடுக்கோட்டுப் பகுதியில் உருவாகும் மேகப்பட்டை சில வாரங்களுக்கு ஒருமுறை வடக்கே நகர்ந்து நிலத்தின் மீது ஏறுவதைக் காட்டினார். நிலம் சூடாவதால் கடற்காற்று உள்ளே வருவதுதான் பருவமழை என்று பள்ளியில் படித்தோமே, அது போதாத விளக்கம் என்பதை அவர் விடாமல் வாதிட்டார். 1997-இல் வலுவான எல் நினோ இருந்தும் நாட்டின் தென்மேற்குப் பருவமழை வழக்கமான அளவில் பெய்தது. 2002-இல் அவ்வளவு வலுவில்லாத எல் நினோவிலேயே ஜூலை மழை பாதிக்கு மேல் குறைந்து நாடு வறட்சி கண்டது. அந்தப் புதிருக்கு விடை பசிபிக்கில் மட்டும் இல்லை, நம் கடலின் கிழக்கு மேற்குப் பகுதிகளில் மேகங்கள் மாறி மாறிக் கூடுவதிலும் இருக்கிறது என்று 2004-இல் அவரும் உடனிருந்தவர்களும் எழுதினார்கள்.

உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது அவருடைய இன்னொரு பணியை. கர்நாடகத்தின் வறண்ட பாவகடாப் பகுதியில் மானாவாரி நிலக்கடலை விவசாயிகளோடு உட்கார்ந்து அவர் பேசினார். எப்போது விதைக்கிறீர்கள், ஏன் அப்போது விதைக்கிறீர்கள், எந்தக் கட்டத்தில் மழை தவறினால் தாங்காது என்று கேட்டார். பூத்து, விழுது இறங்கி, காய் பிடிக்கும் நாட்களில் மண் காய்ந்தால் கொடி பச்சையாக இருந்தாலும் பிடுங்கும்போது காய் இருக்காது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நாட்கள் மழை ஓயும் வாரங்களில் போய் விழாதபடி விதைப்பை எப்போது வைப்பது என்று, பல ஆண்டு மழைப் பதிவுகளையும் பயிரின் வளர்ச்சியையும் சேர்த்து அவர் குழு கணக்கிட்டது. ஆடிப்பட்டம் தேடி விதை என்பது நம் முன்னோர் கண்டறிந்து வைத்த கணக்கு. அதை ஊருக்கு ஊர், மண்ணுக்கு மண் சரிபார்த்துத் தருவது இத்தகைய ஆராய்ச்சிதான்.

கொங்கு நாட்டுக்கு அது இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. தமிழகத்தின் மிக ஈரமான இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு வால்பாறை மலையில் இருக்கிறது. அதே மலைக்குக் கிழக்கே மழை மறைவில் தாராபுரமும் காங்கேயமும் கிடக்கின்றன. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே புகும் காற்று உடுமலையில் காற்றாலைகளைச் சுழற்றுகிறது, உங்கள் காட்டில் மண்ணைத்தான் உலர்த்துகிறது. காங்கேயத்தார் கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாகக் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலம் வைத்து மாடு வளர்த்தது, மழை இப்படித்தான் ஏமாற்றும் என்று தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தியாவின் ஆண்டு மழையில் சுமார் பத்தில் ஒரு பங்கே வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. தமிழ்நாட்டுக்கோ ஏறக்குறைய பாதி அதில்தான் கிடைக்கிறது. நாட்டின் ஆராய்ச்சி பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழையைச் சுற்றியே நடந்திருப்பதால், நம் ஐப்பசி மழை பற்றிய அறிவு இன்றும் மெலிவாகவே இருக்கிறது. எல் நினோ பொதுவாக நாட்டின் தென்மேற்கு மழையைக் குறைப்பது, நம் வடகிழக்கு மழையைக் கூட்டுவது. எல் நினோ ஆண்டான 2015-இல் வெள்ளம் வந்ததும், மறு ஆண்டே அதே பருவமழை 62 சதவீதம் குறைந்ததும் நமக்கு நினைவிருக்கிறது. ஆனால் இந்த உறவு எல்லா ஆண்டும் ஒரே மாதிரி நிற்பதில்லை. அது எப்போது நிற்கும், எப்போது தவறும் என்று கண்டுபிடிக்க ஆட்கள் போதவில்லை. உங்கள் மகள் போக விரும்புவது அந்த வேலைக்கு, அனுப்பிவையுங்கள். போகும்போது, நீங்கள் விதைத்த தேதிகளையும் மழை பெய்த நாட்களையும் நினைவில் உள்ளவரை ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.