சாமி எங்கே? – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,

போன மாதம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு டெல்லி, ஆக்ரா போய்வந்தேன். டெல்லியில் தாமரைக் கோயிலை விட்டுவிடாதே என்று நீங்கள் ஒருமுறை எழுதியிருந்தது ஞாபகம் வந்து அங்கேயும் போனோம். வரிசையில் ஒரு மணி நேரம், உள்ளே பத்து நிமிஷம். சிலை இல்லை, விளக்கு இல்லை, திருநீறு இல்லை. வெறும் பெஞ்சுகள். வெளியே வந்ததும் அம்மா, "ஏங்கண்ணு, இத்தனை தூரம் வந்து சாமியே இல்லியா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அது ஒரு பெரிய கல்யாண மண்டபம் மாதிரிதான் பட்டது. கோவை பக்கத்துப் பேரூர் சிவன் கோயிலின் கனகசபை மண்டபத்தில் ஒரு தூணுக்கு முன்னால் அரைநாள் நிற்கலாம். இங்கே எதைப் பார்ப்பது? நான் எதைப் பார்க்காமல் வந்துவிட்டேன்?

ம., காங்கேயம்

அன்புள்ள தம்பி,

அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. தாமரைக் கோயில், ஈரானில் தோன்றிய பஹாய் என்ற சமயத்தாருடையது. அவர்கள் தங்கள் வழிபாட்டு இடத்தில் சிலையோ படமோ வைப்பதில்லை. பிரசங்கம் கிடையாது, அதற்கான மேடையும் கிடையாது, வாத்தியமும் கூடாது. எந்த மதத்தின் நூலையும் அங்கே வாசிக்கலாம், வெறும் குரலில் பாடலாம். கட்டிடத்துக்கு ஒன்பது பக்கம் இருக்க வேண்டும். அவ்வளவுதான் விதி.

எங்கள் கொறங்காட்டில், அதாவது ஆடுமாடு மேய்கிற காட்டில், ஒரு வெள்வேல மரத்தடியில் கன்னிமார் இருக்கிறார்கள். ஏழு கல். கூரை இல்லை, கதவு இல்லை, கல்லில் முகமும் இல்லை. பொங்கல் வைக்கிற நாளை விட்டால் ஆடு மேய்க்கிறவர்கள்தான் அந்த நிழலில் ஒதுங்குவார்கள். என் அம்மாயி, அம்மாவைப் பெற்றவர், அந்த வழியாகப் போகும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் நிற்பார். வாய் அசையாது. நின்றுவிட்டு நடந்துவிடுவார். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே 1,300 பேர் உட்காரும்படி கட்டிய இடம்தான் தாமரைக் கோயில் என்று அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். வித்தியாசமும் உண்டு. கன்னிமாருக்கு எண்ணெய் தேய்க்கலாம், மஞ்சள் பூசலாம். டெல்லியில் கை வைக்க ஒன்றும் கிடையாது. கைக்கு வேலை இல்லாத கும்பிடு நம் ஆட்களுக்குச் சிரமம்தான்.

சரி, எதைப் பார்ப்பது? வெளியே தெரிகிற தாமரையை எல்லோரும் போட்டோவில் பார்த்தாயிற்று. ஃபரிபோர்ஸ் சஹ்பா என்ற ஈரானியக் கட்டிடக் கலைஞரிடம் 1976-இல் வேலை வந்தது. நம் நாட்டுக் கோயில்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் தாமரைக்கு வந்து சேர்ந்தார். மொத்தம் 27 இதழ்கள், வெளிப்புறத்தில் கிரேக்க நாட்டுச் சலவைக்கல். நான் உங்களைப் பார்க்கச் சொல்வது உள்ளே. நடுக்கூடத்தை மூடி நிற்கும் இதழ்களின் உட்புறத்தில் சலவைக்கல் ஒட்டவில்லை. வெள்ளைக் கான்கிரீட் அப்படியே தெரிகிறது. அதை ஒரே சீராகக் கொத்திவிட்டிருக்கிறார்கள், நம் ஊரில் அம்மி கொத்துவார்களே, அது மாதிரி. அதனால் உச்சியிலிருந்து வருகிற வெளிச்சம் கண்ணில் அடிப்பதில்லை. அந்தச் சொரசொரப்பில் தங்கித் தங்கி இறங்குகிறது. நான் முதல் தடவை போனபோது அதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கான்கிரீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் பெரியம்மா இருபது வருஷம் சித்தாள் வேலை செய்தவர். தளம் போடுகிற நாளன்று பாதியில் நிறுத்தக்கூடாது என்பது அந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். நிறுத்தினால் பழையதும் புதியதும் ஒட்டாமல் ஒரு கோடு விழும். எங்கள் வீட்டுத் தளத்தில் மழை வந்து பாதியில் விட்டோம். ஐப்பசி வந்தால் அந்த ஜாயின்ட்டில் இன்றைக்கும் ஈரம் கசிகிறது.

எங்கள் வீட்டுத் தளம் சமதளம். தாமரைக் கோயிலின் இதழிலோ நேர்கோடே கிடையாது. கான்கிரீட்டைத் தாங்க அடிக்கிற அச்சு, அதாவது சென்ட்ரிங், வளைந்து வளைந்து மேலே போகிறது. அதில் ஒவ்வொரு இதழுக்கும் ஏறக்குறைய 48 மணி நேரம் இடைவிடாமல் கான்கிரீட் போட்டார்கள், கோடு விழக்கூடாது என்பதற்காக. சாரத்தின் மேலே கலவையைத் தலையில் சுமந்து ஏறியவர்கள் பெண்கள். கூடைக்குச் சுமார் 22 கிலோ. பிற்பாடு துருக்கறை வெள்ளையில் இறங்கக்கூடாது என்று கம்பிக்குத் துத்தநாகம் பூசினார்கள். கட்டியது எல் அண்ட் டி நிறுவனத்தின் கட்டுமானப் பிரிவு, தலைமையகம் நம் சென்னையில். 1980-இல் ஆரம்பித்து 1986 டிசம்பரில் திறந்தார்கள்.

பேரூரில் ஒரே கல்லைக் குடைந்து சங்கிலி ஆக்கியவரின் கையை நினைத்துத்தான் நாம் அங்கே நிற்கிறோம். இங்கேயும் கைதான். உளியின் தடம் தெரிகிறமாதிரி கூடையின் தடம் தெரியாது, அதனால் நாம் தாண்டிப் போய்விடுகிறோம். கண்ணாலேயே ஒரு இதழைக் கீழிருந்து மேல்வரை தடவிப் பாருங்கள். இரண்டு ராத்திரி, இரண்டு பகல் எங்கேயாவது ஒட்டியிருக்கிறதா என்று தேடுங்கள். எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. வெளியே சுற்றிலும் ஒன்பது குளங்கள் பார்த்திருப்பீர்கள், அழகுக்கு மட்டும் வெட்டியதில்லை அவை. தண்ணீர்மேல் பட்டுக் குளிர்ந்த காற்று அடித்தளத்தின் வழியாக உள்ளே வந்து, உஷ்ணம் உச்சி வழியாக வெளியே போகும்படி அமைத்திருக்கிறார்கள். நடுவில் திறந்த முற்றம் வைத்த தொட்டிக்கட்டு வீட்டில் பிறந்து வளர்ந்தவருக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. அம்மாவிடம் சொன்னால் அவரே உங்களுக்கு விளக்குவார்.

பத்து நிமிஷத்தில் வெளியே வந்ததுதான் எனக்கு வருத்தம். கூட்டம் நகர்கிற வேகத்தில் நாமும் நகர்ந்துவிடுகிறோம். அடுத்த தடவை மதியம் மூன்று மணிப் பிரார்த்தனைக்கு உள்ளே இருங்கள். யாராவது ஒருவர் எழுந்து ஓதுவார். மொழி புரிய வேண்டியதில்லை. குரல் மேலே போய்ச் சுற்றிவிட்டு இறங்குவதை அம்மாவும் கேட்கட்டும். முட்டிவலி இருந்தால் கதவோர பெஞ்சிலேயே உட்கார வையுங்கள், அங்கிருந்தும் உச்சி தெரியும். அப்புறம், திங்கட்கிழமை போய்விடாதீர்கள், அன்றைக்குப் பூட்டியிருக்கும்.

அன்புடன்,
அண்ணன்